அழாத பிள்ளை

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் ஏரியா நர்சரியில் போய் ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். செடி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

“தண்ணி ரொம்பக் கேக்காம, உரம் கிரம்னு செலவு வைக்காம, பூச்சி வராம, ஆனா எப்பவும் கலரா பூத்துக்கிட்டே இருக்கற மாதிரி ஏதாச்சும் இருக்காங்க?”

நர்சரிக்காரர் சிரிப்பதில்லை. தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார். கையை நீட்டி ஒரு மூலையைக் காட்டுவார். அங்கே கறுப்பு பிளாஸ்டிக் பைகளில், தரையோடு தரையாக, மஞ்சளும் ராணி கலரும் வெள்ளையும் ஆரஞ்சுமாகச் சிரித்துக்கொண்டு கிடக்கும் பத்து மணிப் பூ. டேபிள் ரோஸ் என்று சொன்னால் சிலருக்குச் சட்டென்று புரியும். போர்ச்சுலாக்கா என்பது தாவரவியல் வைத்த பெயர்.

காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மெள்ளக் கண் திறந்து, பத்து மணிக்கு முழுசாக விரிந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து நீங்கள் ஏப்பம் விடுகிற நேரத்தில் கடையைச் சாத்திவிடுகிற பூ. மலையாளத்திலும் அது பத்து மணிப் பூதான். வியட்நாமிலும் ‘பத்து மணிப் பூ’ என்றே பெயராம். ஹிந்திக்காரர்கள் மட்டும் ‘நௌ பஜியா’ என்று ஒன்பது மணியாக்கிவிட்டார்கள். வங்காளிகள் வம்பே வேண்டாம் என்று ‘டைம் ஃபூல்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். பாவம், பூவுக்கு இந்திய நேரமெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெயில் ஒன்றுதான். மேகமூட்டமான நாளில் பதினொன்றானாலும் வாயைத் திறக்காது.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. அர்ஜென்டினாவில் ஆண்டீஸ் மலையடிவாரத்தில் மெண்டோசா என்று ஒரு வறண்ட பிரதேசம். ஜான் கில்லீஸ் என்கிற ஸ்காட்லாந்து டாக்டர், அங்கே மணல் பூமியில் இது ஊதா நிறத்தில் பாய் விரித்தாற்போலக் கிடப்பதைப் பார்த்து, விவரத்தை ஊருக்கு அனுப்பிவைத்தார். ஹூக்கர் என்கிற தாவரவியல் அறிஞர் 1829-ல் அதற்குப் பெயர் வைத்து உலகத்துக்கு அறிமுகம் செய்தார். அப்புறம் கப்பலேறி, உஷ்ண தேசங்கள் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்து, நம்மூர் மொட்டை மாடிவரைக்கும் வந்துவிட்டது.

வளர்ப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு நாலு அங்குலத்துக்கு ஒரு தண்டு ஒடித்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி செம்மண், பாதி மணல், ஒரு கை மக்கின தொழு உரம் கலந்து, அதில் செருகுங்கள். அரையடிக்கு ஒன்று வீதம் நட்டால் போதும். முதல் வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் பிடித்தபிறகு மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளை வெடித்து, இரண்டு மாதத்தில் தரையே தெரியாமல் மூடிவிடும். இதைக் கொல்ல வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: தினமும் தண்ணீர் ஊற்றுவது.

புல்தரை போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கொரியன் கிராஸ் என்று ஆசை ஆசையாக வாங்கிப் பதித்துவிட்டு, தண்ணீர் விட ஒரு ஆள், வெட்ட ஒரு மிஷின், களை எடுக்க ஒரு அம்மா என்று மாதாமாதம் அழுதுகொண்டிருப்பார்கள். பத்து மணிப் பூவுக்கு இந்த மொய் எதுவும் கிடையாது.

சரி, தோட்டக் குறிப்பு எழுத வேறு ஆள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நர்சரிக் கேள்விதான் மண்டையைக் குடைகிறது. எதுவும் கேட்காமல், எல்லாம் தர வேண்டும். செடி விஷயத்தில் இதைக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நாம் இதைச் செடியோடு நிறுத்திக்கொள்கிறோமா?

*

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ‘மணமகள் தேவை’ பக்கத்தைப் பிரியுங்கள். ஜாதி, நட்சத்திரம், சம்பளம் எல்லாம் முடிந்து கடைசி வரிக்கு வாருங்கள். ‘அடக்கமான, குடும்பப் பாங்கான பெண்.’ இதைத் தோட்ட பாஷையில் மொழிபெயர்த்தால் என்ன வரும்? தண்ணி அதிகம் கேக்கக் கூடாது. உரம் கேக்கக் கூடாது. ஆனா பூத்துக்கிட்டே இருக்கணும்.

ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆபீஸிலும் ஒரு மனிதர் இருக்கிறார். லீவு போட மாட்டார். லேட்டாக வர மாட்டார். பக்கத்து டேபிள்காரர் பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று போனால், அந்த வேலையையும் சேர்த்து முடித்துவைப்பார். ஏப்ரல் மாதம் இன்க்ரிமென்ட் போடுகிற நேரத்தில் மேனேஜர் என்ன யோசிப்பார் என்று நினைக்கிறீர்கள்? ‘இவனுக்குப் போடலேன்னா வேற கம்பெனிக்குப் போயிருவான். அவளுக்குக் குறைச்சா சண்டைக்கு வருவா. அவரா? அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்ப்பா. தங்கமான மனுஷன்.’ தங்கமான மனுஷனுக்குக் கிடைப்பது அந்தப் பட்டம் மட்டும்தான்.

வீட்டுக்குள் வந்தால் இன்னும் சங்கடம். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில், பெரும்பாலும் ஒன்று கேட்கிற பிள்ளை, ஒன்று கேட்காத பிள்ளை. கேட்கிற பிள்ளைக்கு சைக்கிள், அப்புறம் பைக், அப்புறம் டொனேஷன் கட்டி காலேஜ். கேட்காத பிள்ளையைப் பற்றி அம்மா பெருமையாகச் சொல்வார், “அது தானா படிச்சு தானா வேலைக்குப் போயிடுச்சு. அதனால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல.” அந்தப் பெண், பெரும்பாலும் பெண்தான், பக்கத்து அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பழமொழி சொல்லிவைத்தார்கள். உலக நடப்பை அப்படியே படம்பிடித்த வாக்கியம். ஆனால் அது அழுகிற பிள்ளைக்குச் சொன்ன புத்தி. அழாத பிள்ளையை என்ன செய்வது என்று தாய்க்கு ஒரு பழமொழியையும் யாரும் சொல்லிவைக்கவில்லை. அதுதான் என் கேள்வி. நம்மிடம் எதுவும் கேட்காதவர்களுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? கேட்டால்தான் கடனா?

இதற்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது. கேட்காதவர்களுக்குத் தேவை இல்லை; தேவை இருந்தால் கேட்டிருப்பார்கள்; வாய் எதற்கு இருக்கிறது? கேட்கவே கேட்காததற்கு எதிராளியைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

இந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். இதில் உண்மை இருக்கிறது. ‘நான் கேக்க மாட்டேன், நீயாப் புரிஞ்சுக்கணும்’ என்பது ஒரு வகைக் கொடுமை. சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்து, புரியாதபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆசாமிகளோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு அந்த வலி தெரியும். தவிர, நிஜமாகவே எதுவும் வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு காபி, ஒரு பேப்பர், ஒரு ஈஸிசேர் என்று நிறைவாக வாழ்கிற பெரியவரைப் போய், ‘தாத்தா, போர் அடிக்குதா? டூர் போலாமா?’ என்று படுத்தி எடுக்கிறோம். பத்து மணிப் பூவுக்குப் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைக்கிற கதைதான்.

ஆக, கேட்காததற்குப் பின்னால் இரண்டு சாத்தியங்கள். தேவையே இல்லாமல் இருக்கலாம். தேவை இருந்தும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

*

இங்கே அந்தச் செடியின் அந்தரங்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதைத் திறந்தால்தான் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துச் சமைக்க முடியும். திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகப் போய்விடும். கத்திரி வெயிலில் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஏ.சி. போடுகிற மாதிரி. பெரும்பாலான செடிகள் தண்ணீர் போகிறதே என்று வாடி நிற்கும். நாம் பதறிப்போய் ஊற்றுவோம்.

பத்து மணிப் பூவின் குடும்பம் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறது. தண்ணீர் இருக்கிறவரை மற்ற செடிகளைப் போலப் பகலில் வேலை. தட்டுப்பாடு வந்துவிட்டால் நைட் ஷிப்டுக்கு மாறிவிடும். பகல் முழுக்கத் துளைகளை இழுத்து மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்தபிறகு திறந்து, கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி அமிலமாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேர்த்துவைத்ததை எடுத்துச் சமைக்கும். இதன் ஒன்றுவிட்ட சகோதரிதான் நம் பருப்புக்கீரை. தண்ணீரில்லாமல் காய்ந்த பாத்தியில், காலையில் பறித்த பருப்புக்கீரை சாயங்காலம் பறித்ததைவிடப் புளிப்பாக இருப்பதற்குக் காரணம் இந்த ராத்திரி அமிலம்தான். பகல் முறை, ராத்திரி முறை இரண்டையும் பருப்புக்கீரை ஒரே செல்லுக்குள்ளேயே வைத்து நடத்துகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று மனசு கோடு போட்டுவிடும். 1494-ல் வெனிஸில் லூக்கா பாச்சோலி என்கிற பாதிரியார் அச்சுப் போட்டுவைத்த இரட்டைப் பதிவு முறை இன்றைக்கும் மாறவில்லை. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் எழுதியே ஆக வேண்டும். ‘மெயின்டனன்ஸ் செலவு பூஜ்யம்’ என்று ஒரு கணக்கை யாராவது நீட்டினால், எந்த ஆடிட்டரும் முதலில் கேட்பது, ‘இது வேற எந்தக் கணக்குல ஏறியிருக்கு?’ என்றுதான்.

பத்து மணிப் பூவின் பராமரிப்புச் செலவு, பத்து மணிப் பூவின் ராத்திரிக் கணக்கில் ஏறியிருக்கிறது. பகலில் பார்க்கிற நமக்குத் தெரிவது, ‘அட, தண்ணியே ஊத்தல, எப்படி இருக்கு பாரு!’

இப்போது உங்கள் வீட்டில் அந்தக் கேட்காத ஆள் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு எல்லோரும் படுத்தபிறகு, சமையலறையில் விளக்கு எரிகிற வீடுகள் எத்தனை! மறுநாள் இட்லிக்கு மாவு கரைத்துவைப்பது, காஸ் அடுப்பைத் துடைப்பது, பிள்ளையின் ஸ்கூல் டையைத் தேடி எடுத்துவைப்பது. காலையில் எல்லாம் இருக்கும். ‘எங்க வீட்ல அவளுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது சார், எல்லாத்துக்கும் மிஷின் இருக்கு’ என்று ஒருவர் பார்க்கில் வாக்கிங் போகும்போது சொல்லிக்கொண்டிருந்தார். பகல்நேர ஆடிட்டர்.

டாக்டர்களுக்கு இந்த விஷயம் தெரியும். அவசரப் பிரிவில் பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் வந்தால், ஊரைக் கூட்டி அலறுகிற குழந்தையைப் பார்த்து அனுபவசாலி நர்ஸ் பதறுவதில்லை. அழுவதற்கு மூச்சும் தெம்பும் இருக்கிறதே! மூலையில் அம்மா மடியில் துவண்டு, ஊசி போட்டாலும் முனகாமல் கிடக்கிறதே, அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவார். சோர்ந்து துவண்டு கிடப்பது குழந்தைகளின் பொதுவான அபாய அறிகுறிகளில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறிமுறையே சொல்கிறது. கடுமையான சத்துக்குறைவில் இருக்கிற குழந்தை பசிக்கிறது என்று அழுவதைக்கூட விட்டுவிடும். அங்கே பழமொழியை நம்பி உட்கார்ந்திருந்தால் என்னாகும்?

*

இன்னொரு கோணமும் இருக்கிறது. அது நம் மனசைப் பற்றியது.

எதற்கு அதிகம் பாடுபடுகிறோமோ அதன்மேல்தான் பிரியம் வைக்கிறோம். 2012-ல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கான், டான் ஏரியலி என்று மூன்று பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐகியா என்று சுவீடன் நாட்டு ஃபர்னிச்சர் கம்பெனி. பலகையும் திருகாணியுமாகப் பெட்டியில் போட்டுத் தருவான். வீட்டில் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படித் தன் கையால் பூட்டிய சாதாரணப் பெட்டிக்கு, மற்றவர்கள் மதிப்பதைவிட அதிக விலை மதிக்கிறார்கள் மனிதர்கள் என்று அவர்கள் காட்டினார்கள். நாம் பட்ட பாட்டையும் சேர்த்து அதன் விலையில் எழுதிவிடுகிறோம்.

அதனால்தான் கோணல்மாணலாக ஒரு பூ பூக்கும் ஊட்டி ரோஜாவைப் பற்றி நண்பர்களிடம் அரை மணி நேரம் பேசுகிறோம். “மூணு மாசம் முட்டை ஓடு, டீத்தூள்னு போட்டு இப்பத்தான் சார் ஒரு மொட்டு விட்டிருக்கு!” தினமும் நூறு பூ பூத்துவிட்டுப் போகிற பத்து மணிப் பூவைப் பற்றி யாராவது அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாரையும் ஆட்டிப்படைத்த பிள்ளை எட்டாவது பாஸ் செய்ததற்கு வீட்டில் பாயசம். கேட்காத பிள்ளை ஸ்டேட் ரேங்க் வாங்கினாலும், ‘அதுக்கென்ன, அது வாங்கும்.’

இது மனித சுபாவம், மாற்ற முடியாது என்று சொல்லலாம். ஆனால் சுபாவம் என்று தெரிந்தபிறகாவது, பிரியத்தின் அளவை நியாயத்தின் அளவாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாமே. எனக்கு ஊட்டி ரோஜாவைத்தான் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் சண்டை போட முடியாது. அதற்காக வெயில் விழுகிற ஒரே இடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டு, மற்றதை மாடிப்படிக்கு அடியில் தள்ளுவது வேறு விஷயம்.

மாடிப்படி என்றதும் நித்யகல்யாணி ஞாபகம் வருகிறது. பெயரைப் பாருங்கள், எவ்வளவு மங்களம்! தினமும் பூப்பவள். அதே செடிக்கு நம் ஜனங்கள் வைத்த இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. மடகாஸ்கரிலிருந்து வந்து, சுவர் இடுக்கில், சாக்கடை ஓரத்தில், படிக்கட்டு வெடிப்பில்கூட முளைக்கிற செடி. யாரும் வந்து தண்ணீர் ஊற்ற மாட்டார்கள் என்கிற இடத்தில் எது பிழைக்கும்? கல்லறைமேல் நட்டார்கள். கல்லறையில் இருப்பதால் வீட்டுக்கு ஆகாது என்று அப்புறம் தள்ளியும் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு!

1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவில் இருந்த டாக்டர் ராபர்ட் நோபிளுக்கு ஒரு பொட்டலம் இந்த இலை போய்ச் சேர்ந்தது. சர்க்கரை வியாதிக்கு அங்கே நாட்டு மருந்தாகக் குடிக்கிறார்கள், பாருங்கள் என்று அவருடைய அண்ணனிடமிருந்து வந்தது. சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. வேறு ஒருவராக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். நோபிளும், சார்லஸ் பியர் என்கிற வேதியியல்காரரும் விடாமல் துருவியதில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. இன்னொரு பக்கம் அமெரிக்க மருந்துக் கம்பெனி எலி லில்லியின் ஆய்வுக்கூடத்தில், இதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் வந்து, 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அது முக்கியமான மருந்துகளில் ஒன்று. டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில்தான் மருந்து வருமாம். நம் தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போட்டு, காய்ந்த இலையாகவும் வேராகவும் மூட்டை கட்டி அனுப்புகிறார்கள்.

மருந்து இருந்ததால் நித்யகல்யாணிக்கு மரியாதை வந்தது. ஆனால் மருந்து இருந்தால்தான் மரியாதை என்றால் அது மறுபடியும் கணக்குதான். வின்கிறிஸ்டின் இல்லாத நித்யகல்யாணியை என்ன செய்வது? சாதிக்காத, கவனிக்கத்தக்க எதுவும் செய்யாத, சும்மா யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவிட்டுப் போகிற ஆத்மாக்கள்தான் இந்தக் கேள்விக்கு முக்கியமானவர்கள். அவர்களில் ஒருவரும் புற்றுநோய்க்கு மருந்து தரப்போவதில்லை.

*

கேட்காததெல்லாம் சாது என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

நெடுஞ்சாலை ஓரத்திலும் அபார்ட்மென்ட் சரிவுகளிலும் பளபளவென்ற பச்சை இலையில் மஞ்சள் பூவோடு ஒரு கொடி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெடேலியா. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு உறவு. ஆனால் மத்திய அமெரிக்காப் பக்கத்து ஆசாமி. வெயிலா, சரி. நிழலா, சரி. தண்ணீர் நின்றாலும் சரி. கணுவுக்குக் கணு வேர் விடும். தோட்டக்காரருக்கு வேலையே இல்லை. அதனால் உலகம் முழுக்க உஷ்ணப் பிரதேசங்களில் ஆசையாக நட்டார்கள். அது வேலியைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மற்ற செடிகளின் கழுத்தை மெள்ள நெரித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இதற்கு ஓர் இடம். அதே பட்டியலில் இன்னொரு பழைய அழகியும் இருக்கிறாள்: உண்ணிச்செடி என்கிற லன்டானா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளைக்காரர்களின் தோட்டத்து அலங்காரமாக இந்தியாவுக்கு வந்தது. புலிகள் வாழும் நம் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதன் பிடியில் இருப்பதாக 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. தோட்டத்துக்காரர் மிச்சம் பிடித்த மெயின்டனன்ஸ் செலவை இருநூறு வருஷம் கழித்து மானும் யானையும் கட்டிக்கொண்டிருக்கின்றன. கூடலூர்ப் பக்கம் ஆதிவாசி மக்கள் இந்த உண்ணிச்செடித் தண்டுகளை வெட்டி, ஆள் உயரத்துக்கு மேல் யானை பொம்மைகள் செய்து, 2021-ல் லண்டன் பூங்காக்கள்வரை அனுப்பினார்கள். யானையின் தீனியை அழித்த செடியில் யானை! பார்க்கப் போனவர்கள் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு புரிந்ததோ.

சொல்ல வந்தது இதுதான். ‘எனக்குத் தொந்தரவு இல்லை’ என்பது முழுக் கணக்கு இல்லை. யாருக்குத் தொந்தரவு என்று ஒரு வரி மிச்சம் இருக்கிறது. வேலைக்காரம்மா எதுவும் கேட்பதில்லை என்றால், அவர் வீட்டில் யாரோ ஒரு சிறுமி பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். செக்யூரிட்டி தாத்தா பன்னிரண்டு மணி நேரம் நின்றும் ஒன்றும் சொல்வதில்லை என்றால், அவருடைய முழங்கால் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். போனில் அம்மா, ‘எனக்கென்னப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ உடம்பைப் பாத்துக்க’ என்று முப்பது செகண்டில் வைத்துவிட்டால், அது செய்தியும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. நம் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்ய? கேட்காதவர் எல்லோர் தலையிலும் குடம் குடமாகப் பாசத்தைக் கொட்டினால் வேர் அழுகும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கொடுப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை பார்ப்பது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவரின் மொட்டை மாடி முழுக்க இந்தப் பத்து மணிப் பூதான். கைப்பிடிச் சுவர் ஓரமாக நாலு பக்கமும் தொட்டி. தினமும் காலையில் வெறுங்கையோடு மேலே போவார். தண்ணீர் பக்கெட் கிடையாது, கத்தரி கிடையாது. தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு வருவார். அரை மணி நேரம் ஆகும்.

“வேலை ஒண்ணும் இல்லாத செடிக்கு எதுக்கு சார் தினம் அரை மணி நேரம்?” என்று கேட்டேன்.

“இதுக்கு உடம்பு சரியில்லைன்னா ரோஜா மாதிரி முன்கூட்டிச் சொல்லாது தம்பி. இலையில தண்ணி சேத்து வச்சிருக்கும். கடைசிவரைக்கும் பச்சையாவே இருக்கும். ஒரு நா திடீர்னு தொட்டா, அடித்தண்டு கொழகொழன்னு கையோட வரும். அதனால மேலாக்கப் பாத்தா பத்தாது. அடியில விரலை விட்டுப் பாக்கணும்.”

அவர் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்கள், நடப்போகிறவர்களுக்கு உபயோகப்படும். நாலைந்து மாதத்தில் தண்டு நீண்டு நடுவில் வழுக்கை விழும். அப்போது தயங்காமல் பாதிக்கு வெட்டி, வெட்டினதையே மறுபடி அதே தொட்டியில் செருகிவிட வேண்டும். இன்னொன்று மழை. ஏப்ரல், மே வெயிலை எல்லாம் ஜோராகத் தாண்டிவிடுகிற செடி, ஐப்பசி அடைமழையில்தான் சாகும். நாலு நாள் விடாமல் பெய்தால் போச்சு. அதனால் தீபாவளிக்கு முன்னாலேயே கலருக்கு நாலு தண்டு ஒடித்து, சின்னத் தொட்டிகளில் நட்டு, சாரல் படாத வெளிச்சமான ஜன்னலோரமாகப் பார்த்து வைத்துவிடுங்கள். தை பிறந்ததும் மாடிக்குக் கொண்டுபோகலாம்.